எவால்ட் டீட்ஸ் வரும் ரயில்

வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு வந்து தனகோடி சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது, நல்லது, இன்னும் நாற்பது நிமிடத்துக்கு அவன் செத்தவனாகவே இருக்கலாம் என்பதுதான். அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். தனகோடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றார். மூன்று வருடமாக எனக்கு ஜீப் ஓட்டுகிறார். என் முகம் வெயிலுக்கு எப்படிச் சிவக்கும், கோபத்துக்கு எப்படிச் சிவக்கும் என்று தெரிந்தவர். இன்றைக்கு அது இரண்டிலும் சேராத நிறம் என்பதும் தெரிந்திருக்கும். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். 1961, சித்திரை மாதம், காலை பத்தரை மணி, விருத்தாசலம் ஜங்ஷன். நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத எந்திரங்களைப் பூட்டித் தர வந்திருக்கும் ஜெர்மன் ஃபிட்டர்களுக்கு நான் தலைவன். புதிதாக ஒரு ஃபிட்டர் வருகிறான். வழக்கமாக இதற்கெல்லாம் ஆபீஸிலிருந்து யாராவது போவார்கள். நேற்று வந்த தந்தியில் பெயரைப் பார்த்தபிறகு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எவால்ட் டீட்ஸ், பிறந்த வருடம் 1923, ஊர் ரோஸ்டாக். தந்தியில் அவ்வளவுதான். என் டாங்கியில் பீரங்கிக்குக் குண்டு எடுத்துப் போடுகிறவனாக இருந்த எவால்ட் டீட்ஸும் ரோஸ்டாக்காரன், 1923இல் பிறந்தவன். 1943 அக்டோபரில், ரஷ்யப் போர்முனையில், நீப்பர் ஆற்றுக்கு மேற்கே ஒரு ரயில் மேட்டுப் பக்கத்தில், என் டாங்கிக்குள்ளேயே எரிந்துபோனவன். நான் பத்து மீட்டர் தள்ளி ஒரு வாய்க்காலில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும். ரோஸ்டாக்கில் டீட்ஸ் என்ற பெயர் இந்தப் பக்கத்துக் கலியமூர்த்தி மாதிரி, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் எவால்ட் டீட்ஸ், அதே வருடம்? இருக்கலாம், ஒரே வருடத்தில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் பிறக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது. எதிர்ப் பிளாட்பாரத்தில் பீங்கான் ஜாடிகளை வைக்கோல் சுற்றி மரப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஊரில் செய்கிற ஊறுகாய் ஜாடிகள். வைக்கோல் வாசனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அப்பா கதிரடிக்கும் எந்திரத்தை ஊர் ஊராக இழுத்துப் போய்க் கதிரடித்துக் கொடுத்தார், நான் அதன் அடியில் படுத்து கிரீஸ் வைத்தே வளர்ந்தேன். 1935இல் பட்டாளத்துக்குக் கூப்பிட்டபோது என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் டாங்கிப் படைக்கு அனுப்பினார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. குதிரை லாயம் கழுவ வேண்டாம், மூட்டை சுமந்து முப்பது கிலோமீட்டர் நடக்க வேண்டாம். இருபத்தோரு வயதில் ஒரு இரும்பு மலை என் இரண்டு கைகளுக்குக் கட்டுப்பட்டது. போலந்தில் நான் ஓட்டினேன். ஒரு கிராமத்துப் பாதையில் படுக்கையும் பாத்திரமும் ஏற்றிய குதிரைவண்டி குறுக்கே நின்றது, நிறுத்தாதே என்று மேலேயிருந்து உத்தரவு, நான் நிறுத்தவில்லை. வண்டியில் யாராவது இருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, டாங்கி ஓட்டுகிறவன் வெளியே பார்க்கும் சந்து நாலு விரல் அகலம்தான். பிரான்ஸில் என்னை டாங்கித் தலைவனாக்கி முதல் பதக்கமும் கொடுத்தார்கள், அம்மா அதை மேஜைவிரிப்பின் நடுவில் வைத்து அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் ரஷ்யா. ரஷ்யாவை நினைக்க ஆரம்பித்தால் நேராக அந்த ரயில் மேட்டில்தான் போய் முட்டும், அதனால் வேறு எதையாவது நினைக்கலாம். தனகோடி கண்ணாடி டம்ளரில் டீ வாங்கி வந்து நீட்டினார். சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னாராம். டீ நாக்கைச் சுட்டது, சுட்டது நன்றாக இருந்தது. ஒரு வெள்ளாடு பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலை இழுத்துத் தின்றது, ஜாடிக்காரர் விரட்ட, அது இரண்டடி போய்த் திரும்பி அதே பெட்டிக்கு வந்தது. நானும் அப்படித்தான், எத்தனை முறை விரட்டினாலும்.

அவனாகவே இருந்தால்? எரிந்த முகத்தோடு வருவானா. நான் பார்த்திருக்கிறேன் அந்த முகங்களை, இமை இல்லாமல், உதடு இல்லாமல். ஆஸ்பத்திரி ரயிலில் அப்படி ஒருவன் என்னிடம் நெருப்புக் கேட்டான், சிகரெட்டுக்கு. எவால்ட் பெட்டியிலிருந்து இறங்கி, எல்லார் முன்னாலும், நான் தட்டினேனே உங்களுக்குக் கேட்கவில்லையா என்று கேட்டால்? தனகோடிக்கு ஜெர்மன் தெரியாது, அது ஒரு ஆறுதல். இப்படி ஓர் ஆறுதலைத் தேடுகிற மனசை என்ன சொல்வது. இல்லை, வேறு ஆளாகவே இருக்கட்டும். தடியாக, வழுக்கையாக, என்னை முன்பின் தெரியாதவனாக. கை குலுக்கிவிட்டு, இந்த ஊர் வெயில் பழகிப்போகும், கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏற்றிக்கொள்வேன். ஆனால் அப்படி வந்தால் அவன் மறுபடியும் செத்துப்போவான், இந்த முறை அவன் சாகட்டும் என்று நானே வேண்டிக்கொண்டதால். அது வேண்டாம். அவனாகவே இருக்கட்டும். முகமில்லாமல் வந்தாலும் அவனாக இருக்கட்டும். இரண்டு வேண்டுதலையும் ஒரே மூச்சில் வேண்டினால் எந்தச் சாமி எதைக் கேட்கும்.

ஸ்டேஷன் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஓர் ஆள் இரும்புக் கம்பியால் தட்டினார், மூன்று தட்டு. டீ என் கையில் சிந்தியது. முந்தின ஸ்டேஷனிலிருந்து வேறு ஏதோ வண்டி கிளம்பிவிட்டதற்கான மணி, அவ்வளவுதான். ஆனால் இரும்பை இரும்பு தட்டுகிற சத்தம் எனக்குள் ஒரே இடத்துக்குத்தான் போகும். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த மேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தோம், இரண்டு டாங்கிகள். பின்வாங்கிப்போகும் எங்கள் ஆட்கள் பாலம் கடக்கும்வரை ரஷ்யர்களைத் தடுத்து நிறுத்திவைக்க வேண்டும் என்று உத்தரவு. முந்தின நாள்தான் ஒரு கிராமத்தின் வழியாக வந்தோம், எதிரிக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்று எங்களுக்கு முன்னால் போனவர்கள் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள், ஒரு பெண் எரிகிற வீட்டுக்கு எதிரில் கோழியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள், எங்களைப் பார்த்தாள், நான் டாங்கியின் மேல்மூடியைச் சாத்திக்கொண்டேன். மேட்டில் நான் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இடதுபுறம் சுடுகிறவன் ஹுபர்ட், வலதுபுறம் எவால்ட், முன்னால் ஓட்டுகிறவனும் ரேடியோக்காரனும். இரண்டு ரஷ்ய டாங்கிகளை அடித்துவிட்டோம். கொஞ்சம் ஓய்ந்தது. அப்போது ஹுபர்ட் கீழேயிருந்து எவால்ட் என்று கத்தினான், ஒரே தடவை. என்ன என்று குனிந்தேன், அடி விழுந்தது. இடதுபக்கம் பிளந்தது. ஹுபர்ட்டின் தோளுக்கு மேல் எதுவும் இல்லை, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். புகை, பிறகு நெருப்பு. நான் மேலே வழியாகக் குதித்தேன், முன்னால் இருந்தவர்கள் முன்மூடி வழியாக. வாய்க்காலில் விழுந்து எண்ணினேன், மூன்று பேர். எவால்ட் இல்லை. அப்போதுதான் ஆரம்பித்தது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம். டக், டக், டக். நிற்கும், மறுபடி டக், டக். வலதுபக்கக் கதவு சிக்கிக்கொண்டிருக்கும், அவன் தட்டுகிறான். பத்து மீட்டர்தான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திரு என்று காலுக்குச் சொன்னேன், கால் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய், நான் காலுக்கு எதுவும் சொல்லவே இல்லை.

அப்புறம் நான் செய்ததுதான் அரசாங்கத் தாளில் வந்தது. முப்பது மீட்டர் பின்னால் நின்ற இரண்டாவது டாங்கியின் தலைவன் தலையில் குண்டின் சிதறல் பாய்ந்து செத்திருந்தான். நான் ஓடிப்போய் அதில் ஏறினேன், மூடியைச் சாத்தினேன், எஞ்சினை ஓட்டச் சொன்னேன். மாலைவரை அந்த மேட்டை விட்டு நகரவில்லை, இன்னும் ஐந்து டாங்கிகளை அடித்தோம். எரியும் டாங்கியிலிருந்து குதித்தவர் அஞ்சாமல் இன்னொன்றில் ஏறிப் போரைத் தொடர்ந்தார், மொத்தம் ஏழு, என்று எழுதினார்கள். கழுத்தில் கட்டிக்கொள்ளும் சிலுவைப் பதக்கத்தைக் கொடுத்தார்கள், எங்கள் படையில் ஒரு சார்ஜென்ட்டுக்கு அது லேசில் கிடைக்காது. எஞ்சின் சத்தத்தில் தட்டுகிற சத்தம் கேட்காது என்றுதான் ஏறினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. போன கிறிஸ்துமஸ் விருந்தில் சுரங்கத்து இளம் எஞ்சினியர்கள் எப்படியோ கேள்விப்பட்டு, சொல்லுங்கள் சார் என்றார்கள், சொன்னேன், கைதட்டினார்கள். அந்தக் கதையை நன்றாகவே சொல்வேன், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும். பதக்கம் லூபெக்கில் அக்கா வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கிறது. அதன் நடுவில் இருக்கும் ஸ்வஸ்திகா சின்னத்தை இந்த ஊரில் கடைக்கதவில் மஞ்சளால் போட்டிருந்ததை முதல் மாதம் பார்த்துவிட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டேன், தனகோடிதான் அது மங்கலத்துக்கு சார் என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். எவால்டின் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். உங்கள் மகன் ஒரு நொடியில் வலியில்லாமல் இறந்தார், கடைசியாக உங்களைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அன்று காலை அவன் பேசியதெல்லாம் காலில் வந்த கொப்புளத்தைப் பற்றித்தான்.

தனகோடி தோளைத் தொட்டபிறகுதான் எழுந்தேன், வண்டி வந்து நின்றிருந்தது, நீராவியும் சத்தமும் கூடைகளும். இறங்கியவர்களில் ஒரே ஒரு வெள்ளைக்காரன். மெலிந்தவன், நரைத்தவன், கையில் கயிறு கட்டிய பெட்டி. முகம் முழுதாக இருந்தது. மூக்கு, உதடு, இமைகள் எல்லாம். இடது காதுமடல் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும், அதற்காக ஹுபர்ட் அவனைக் கேலி செய்வான், அந்தக் காது அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பெட்டியைக் கீழே வைத்தான். நான் முன்னால் போகவில்லை, அவனும் வரவில்லை. நடுவில் ஒரு கூலியாள் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு போனார். பிறகு எவால்ட் விறைப்பாக நின்றான், பட்டாளத்தில் தண்டனைக்கு நிற்பதுபோல. அவனுக்குப் பயம். அதுதான் எனக்குப் புரியவில்லை. பயப்பட வேண்டியவன் நான்.

“சார்ஜென்ட்,” என்றான். “வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஓடிப்போனேன்.”

பெஞ்சில் உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் பேச்சு அவனிடமிருந்து கொட்டியது. இரண்டாவது டாங்கியை அடித்தபிறகு காலடியில் சுட்ட குண்டுகளின் காலி உறைகள் குவிந்துவிட்டன, மூச்சு முட்டியது, வழக்கம்போல வலதுபக்கக் கதவைத் திறந்து வெளியே தள்ள ஆரம்பித்தான். “மூன்று உறைகளைத் தள்ளினேன். நாலாவதாக என்னையே தள்ளிக்கொண்டேன்.” திட்டம் எதுவும் இல்லையாம், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம், காய்ந்த சூரியகாந்திக் காடு பக்கத்திலேயே இருந்ததாம். நான் பைனாகுலரில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அந்தக் காட்டுக்குள் நுழைந்து இருபது அடி போயிருப்பான், பின்னால் வெடிச் சத்தம். திரும்பிப் பார்க்காமல் ஓடினான். மறுநாள் ரஷ்யர்களிடம் பிடிபட்டான், ஆறு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, அங்கேதான் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டானாம். இங்கே வரும் ஒப்பந்தத் தாளில் தலைவர் ஆர்னோ லிண்ட்னர் என்று என் பெயரைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தான். எங்கே ரயில் ஏறினாலும் பெட்டியில் நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு உட்காருகிற பிழைப்பு பதினெட்டு வருடமாக, போதும் என்று போட்டுவிட்டான். “நான் இருந்திருந்தால் பீரங்கியில் குண்டு இருந்திருக்கும். ஹுபர்ட் சுட்டிருப்பான். அவனை நான்தான் கொன்றேன்.”

நான் அதைக் கேட்டேன், ஆனால் முழுதாகக் கேட்கவில்லை, என் மனம் இன்னும் அந்த வலதுபக்கக் கதவிலேயே நின்றுகொண்டிருந்தது. திறந்திருந்த கதவு. எவால்ட் என்று ஹுபர்ட் கத்தினானே, அது வலியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, திரும்பிப் பார்த்தான், பக்கத்து இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளே யாரும் இல்லை. நான் வாய்க்காலில் படுத்திருந்தபோது அந்தப் பெட்டிக்குள் உயிரோடு யாருமே இல்லை.

“தட்டுகிற சத்தம் கேட்டது,” என்றேன். “நீ தட்டுகிறாய் என்று நினைத்தேன். பத்து மீட்டர். நான் வரவில்லை, எவால்ட்.”

நான் சொன்னது முதலில் அவனுக்கு விளங்கவில்லை, பிறகு மெல்ல விளங்கியது. அது எந்திரத் துப்பாக்கியின் தோட்டாக்கள் என்றான். குண்டு போடுகிற என் காலடியில் மூவாயிரம் இருந்தன, சூடேறினால் ஒவ்வொன்றாக வெடித்து உள்சுவரில் அடிக்கும், சுரங்கத்தில் இருந்தபோது எரிந்த டாங்கிகளை உடைத்து இரும்பு எடுத்தோம், உள்ளே எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு, விரலால் தன் முழங்காலில் தட்டிக் காட்டினான், ஒழுங்கில்லாமல், நின்று நின்று. அதே சத்தம்தான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா, எட்டு வருடம் டாங்கிக்குள் இருந்தவனுக்கு. தெரிந்திருக்கும். தெரியக் கூடாது என்று மனசு வைத்துக்கொண்டிருந்ததோ என்னவோ. போகாமல் இருந்தது போகாமல் இருந்ததுதான், அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் போகாததால் ஒருவன் எரிந்தான் என்பது இல்லை. மார்புக்குள் எதையோ கட்டியிருந்த கயிறு அறுந்த மாதிரி இருந்தது, நான் அழுகிறேன் என்று சட்டைக் கழுத்து நனைந்தபிறகுதான் தெரிந்தது. தனகோடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவால்டின் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார், அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.

அப்போதுதான் ஹுபர்ட்டைப் பற்றி அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவனுக்கும் ஒன்று நான் கொடுக்க வேண்டியிருந்தது, அது என்னிடம்தான் இருந்தது. “குண்டு இடதுபக்கத்திலிருந்து வந்தது,” என்றேன். “பீரங்கி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான் என்றே எங்களுக்குத் தெரியாது. உனக்கு எட்டுக் கை இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன்.” சத்தியமாகவா என்று கேட்டான், சிறுபிள்ளை மாதிரி. சத்தியமாக என்றேன். அவன் முன்னால் குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான், நீட்டிய காது மட்டும் தெரிந்தது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மா உங்கள் கடிதத்தை நம்பவே இல்லை என்று சொன்னான். ரொம்ப அழகாக எழுதியிருக்கிறார், நேரில் பார்த்தவன் இவ்வளவு அழகாக எழுத மாட்டான், என் பிள்ளை எங்கேயோ இருக்கிறான் என்று சொல்லிவிட்டாளாம். 1949 டிசம்பரில் அவன் கதவைத் தட்டியபோது, ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டாளாம். இப்போதும் இருக்கிறாள், கண் மட்டும் மங்கல். நான் சிரித்தேன். பொய் எழுதியதற்கு ஒருவன் இப்படிச் சிரிக்கலாமா தெரியவில்லை, சிரித்தேன்.

ஜீப்பில் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தோம். சொந்தக்காரரா சார் என்று தனகோடி திரும்பிப் பார்க்காமலே கேட்டார். என் உடைந்த தமிழில், இவர் என்கூடப் பட்டாளத்தில் இருந்தவர், செத்துவிட்டார் என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தேன் என்றேன். அவர் கியரை மாற்றினார்.

“செத்ததா நெனச்ச ஆளு திரும்பி வந்தா அவருக்கு ஆயுசு கெட்டி சார்,” என்றார். “நெனச்சவருக்கும் சேத்துதான்.”

இருபுறமும் முந்திரிக் காடு, செம்மண், காற்று சுட்டாலும் காற்றாக இருந்தது. இவ்வளவு லேசாக இருப்பது சரியா என்று ஒரு நினைப்பு வந்தது, வராமல் இருக்காது. ஏழு டாங்கிகள், ஒவ்வொன்றிலும் நாலு நாலு பேர், நான் மூடியைச் சாத்திக்கொண்டு சுடச் சொன்னவர்கள். அவர்கள் யாரும் எந்த ஸ்டேஷனிலும் இறங்கப்போவதில்லை, அவர்களுடைய அம்மாக்கள் எந்தக் கடிதத்தையும் நம்பாமல் இருந்து பிரயோஜனமில்லை. கோழியோடு நின்ற அந்தப் பெண், அந்தக் குதிரைவண்டி. இத்தனை வருடம் ஒரு தட்டும் சத்தத்துக்குப் பின்னால் அவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் நின்றிருக்கிறார்கள். இனி அவர்களை நான் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்தப் பிள்ளைகள் கேட்டால் கதையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சொல்ல வேண்டியிருக்கும். பார்க்கிறேன், சொல்கிறேன். இன்றைக்கு இல்லை. இன்றைக்கு என் தோளில் எவால்டின் தோள் இடித்துக்கொண்டிருந்தது, பள்ளம் வரும்போதெல்லாம் எலும்பாக, நிஜமாக.

அதற்குப் பிறகு நடந்தது தனகோடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாதி வழியிலேயே இரண்டு பேரும் தூங்கிவிட்டோமாம். சுரங்க வாசலில் எங்களை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை, காவல்காரரிடம் சொல்லிவிட்டு வேப்ப மர நிழலில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தாராம். ஒரு மணிச் சங்கு ஊதியபோது நான் விழித்தேன். எவால்ட் இன்னும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூக்குக்குப் பக்கத்தில் என் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்து பட்டது.